நடக்க முடியாத சண்டையும் நடக்க விடாத சண்டையும்

1

‘டைசனையும் அலியையும் மோதவிட்டா யாரு ஜெயிப்பா?’

மேற்குத் தாம்பரத்து டீக்கடைகளில் இந்தக் கேள்விக்கு முப்பது வயசுக்கு மேல் இருக்கும். சானடோரியத்தில் ஏறிப் பரங்கிமலையில் இறங்குவதற்குள் மின்சார ரயிலில் பதினைந்து ரவுண்டும் முடிந்து தீர்ப்பும் சொல்லப்பட்டுவிடும். குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் ஜிம் போர்டுகளில் அலி, டைசன், புரூஸ் லீ, அர்னால்டு நால்வரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். அந்த போர்டில் காலம் என்று ஒன்று கிடையாது. முகமது அலி பிறந்தது 1942, மைக் டைசன் 1966. அலி கடைசியாகச் சண்டையிட்டது 1981 டிசம்பரில். டைசன் தொழில்முறைச் சண்டைக்கு வந்தது 1985 மார்ச்சில். மூன்று வருஷ இடைவெளிதான். ஆனாலும் அந்த இடைவெளி தாண்ட முடியாதது. தாண்ட முடியாது என்பதால்தான் இத்தனை வருஷமாக அந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது.

‘சும்மா பேசற பேச்சுக்கு ஒரு கட்டுரையா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். சும்மா பேசுகிற பேச்சில்தான் ஒரு சமூகம் தன் நினைவை எப்படி அடுக்கி வைத்திருக்கிறது என்பது வெளியே தெரிகிறது என நினைக்கிறேன். மேடையில் பேசும்போது எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறோம். டீக்கடையில் இருப்பதில்லை. ஆகவே இந்தக் கற்பனைச் சண்டைகளை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். யார் ஜெயிப்பார் என்பது என் அக்கறை அல்ல. எந்தச் சண்டைகளை நாம் கற்பனை செய்கிறோம், எவற்றை நம் கற்பனைக்குள் வரவே விடுவதில்லை என்பதுதான்.

2

கற்பனைச் சண்டைக்கு ‘விஞ்ஞான’ அந்தஸ்து கொடுத்தது அமெரிக்கா. மயாமியைச் சேர்ந்த மர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர் 1967-இல் பதினாறு ஹெவிவெயிட் வீரர்களை ஒரு கம்ப்யூட்டருக்குள் போட்டு ஒரு போட்டித் தொடர் நடத்தினார். என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டர். அது சொன்ன முடிவுகளை நேர்முக வர்ணனை போல எழுதி வானொலியில் ஒலிபரப்பினார்கள். செத்துப்போனவர்களும் உயிரோடு இருந்தவர்களும் மோதினார்கள். இறுதிச் சண்டையில் ராக்கி மார்சியானோ ஜாக் டெம்ப்ஸியை வீழ்த்தினார்.

அந்தத் தொடரில் அலி என்ன ஆனார்? காலிறுதியில் ஜேம்ஸ் ஜெஃப்ரிஸிடம் தோற்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். யார் இந்த ஜெஃப்ரிஸ்? சாம்பியனாக இருந்த காலத்தில் கறுப்பர்களோடு பட்டத்துக்கான சண்டை கிடையாது என்று நிறக்கோடு போட்டவர். 1905-இல் தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்றுப் பண்ணையில் உட்கார்ந்தவர். 1908-இல் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் உலக சாம்பியன் ஆனதும் வெள்ளை அமெரிக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஜெஃப்ரிஸைப் பண்ணையிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்தார்கள். ‘வெள்ளையரின் பெரும் நம்பிக்கை’ என்று அவருக்குப் பெயர். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். பதினைந்தாவது ரவுண்டில் ஜான்சன் அவரை முடித்தார். சேதி பரவியதும் பல ஊர்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். 1912-இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகவே தடைச் சட்டம் வந்தது. கறுப்பன் வெள்ளையனை அடித்து வீழ்த்துவதைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்க்கக் கூடாது என்பது அதன் உள்நோக்கம்.

ரீனோவில் ஒரு கறுப்பரிடம் தோற்ற அதே ஜெஃப்ரிஸ், 57 வருஷம் கழித்துக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கறுப்பரை ஜெயிக்கிறார். 1967 என்பது அலி வியட்நாம் போருக்குப் போக மறுத்த வருஷம். பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். சண்டை போடுவதற்கான லைசன்ஸைப் பறித்தார்கள். நிஜ வளையத்திலிருந்து துரத்தப்பட்டவரைக் கற்பனை வளையத்திலும் தோற்கடித்தார்கள். வரலாறு தர மறுத்ததைக் கற்பனை வட்டியோடு வசூலித்துக்கொண்டது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு எதைத் தின்னக் கொடுத்தார்கள்? குத்துச்சண்டை நிபுணர்கள், எழுத்தாளர்களின் அபிப்பிராயங்களை. இன்னாருக்கு வேகம் எவ்வளவு, தாங்கும் சக்தி எவ்வளவு, தைரியம் எவ்வளவு என்று அவர்கள் போட்ட மார்க்குகள்தான் உள்ளே போயின. தீர்ப்பாகத் திரும்பி வந்ததும் அதே அபிப்பிராயம்தான். ஆனால் இப்போது அதைச் சொன்னது மெஷின், எனவே யாரும் பொறுப்பில்லை. இன்று அல்காரிதம் சொல்லிவிட்டது என்று கைவிரிக்கிறவர்கள் 1967-ஐ ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அலி பத்து லட்சம் டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது. அதன் தொடர்ச்சியாக 1969-இல் அலியும் மார்சியானோவும் மயாமியில் ஒரு ஸ்டுடியோவில் கேமராவுக்காகச் ‘சண்டை’ போட்டார்கள். மார்சியானோ 1956-லேயே ஓய்வு பெற்றவர். இதற்காக உடம்பை இளைத்து, தலையில் பொய் முடி வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிஷ ரவுண்டுகளாக எழுபது வாக்கில் எடுத்தார்கள். பல முடிவுகளைப் படமாக்கி வைத்துக்கொண்டார்கள். எடுத்து முடித்த சில வாரங்களில், ஆகஸ்ட் 31 அன்று, மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரி 20 அன்று ஒரே ராத்திரி நூற்றுக்கணக்கான தியேட்டர்களில் படம் ஓடியது. அமெரிக்காவில் பார்த்தவர்களுக்குப் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய வடிவத்தில் அலி ஜெயித்தார். சந்தைக்கேற்ற விஞ்ஞானம்.

ரொலாண் பார்த் மல்யுத்தக் காட்சி பற்றிய தன் கட்டுரையில் இரண்டையும் பிரித்துச் சொல்வார். குத்துச்சண்டை காலத்தில் நகரும் ஒரு கதை. முடிவு தெரியாது, பந்தயம் கட்டலாம். மல்யுத்தக் காட்சியில் ஒவ்வொரு கணமும் தன்னளவில் முழுமையான காட்சி. நல்லவன் யார், கெட்டவன் யார் என்பது முதலிலேயே தீர்மானமானது. அந்த வகையில் பார்த்தால் கற்பனைச் சண்டை, குத்துச்சண்டை வேஷம் போட்ட மல்யுத்தம். முடிவு முதலிலேயே இருக்கிறது. ரவுண்டுகள் அதற்குப் போடும் மாலைதான்.

3

டீக்கடையில் இந்த விவாதம் தொடங்கும்போதே ஒரு விதி போடப்படுகிறது. ‘ரெண்டு பேரும் ஃபுல் ஃபார்ம்ல இருந்தா’ என்பார்கள். அதாவது உச்சத்தில் இருந்த உடம்பு. வயசு, கடன், காயம், ஜெயில் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுகிற சுத்தமான உடம்பு. இந்த ‘உச்சம்’ என்ற கருத்தாக்கம்தான் இந்த விளையாட்டின் அச்சாணி. இலக்கிய விமர்சனத்தில் ‘கலைத் தூய்மை’ செய்கிற வேலையை இங்கே ‘ஃபுல் ஃபார்ம்’ செய்கிறது.

அலியின் உச்சம் எது? 1967 மார்ச்சில் ஸோரா ஃபோலியை வீழ்த்தும்போது அவருக்கு வயது 25. அடுத்த சண்டை 1970 அக்டோபர் 26-இல், ஜெர்ரி குவாரியோடு. அப்போது வயது 28. ஒரு ஹெவிவெயிட் வீரனின் சிறந்த வருஷங்கள் என்று சொல்லப்படுகிற அந்த மூன்றரை வருஷத்தில் அலி ஒரு சண்டையும் போடவில்லை. அவரது தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1971 ஜூனில். அதற்குள் கால்களின் வேகம் போய்விட்டிருந்தது. ஆக, டைசனோடு மோதவிட நாம் கூப்பிடுகிற உச்சத்து அலி யாரும் பார்க்காத ஒருவர். அரசாங்கம் எடுத்துக்கொண்டுபோன ஒருவர். அவரைக் கற்பனையில் வரவழைக்கிற நாம், அவரை எடுத்துக்கொண்டுபோனது யார் என்று கேட்பதில்லை.

காலங்கள் நிஜமாகவே மோதிக்கொண்ட சண்டைகளும் உண்டு. அவை பார்க்கச் சகிக்காதவை. 1951 அக்டோபரில் 37 வயது ஜோ லூயிஸ் 28 வயது மார்சியானோவோடு மோதினார். வருமான வரிக் கடன் லூயிஸை வளையத்துக்குத் துரத்தியிருந்தது. எட்டாவது ரவுண்டில் கயிறுகளுக்கு வெளியே விழுந்தார். 1980 அக்டோபரில் லாஸ் வேகாஸில் 38 வயது அலியை, ஒருகாலத்தில் அவருக்குப் பயிற்சி எதிராளியாக இருந்த லாரி ஹோம்ஸ் பத்து ரவுண்டு அடித்தார். அதன் பிறகு அலியின் தரப்பே சண்டையை நிறுத்தியது. 2024 நவம்பர் 15 அன்று 58 வயது டைசனும் 27 வயது ஜேக் பாலும் இரண்டிரண்டு நிமிஷமாக எட்டு ரவுண்டு நகர்ந்தார்கள். பால் ஜெயித்ததாகத் தீர்ப்பு. நெட்ஃபிளிக்ஸ் ஒளிபரப்பியது. நிஜத்தில் இரண்டு காலங்கள் மோதும்போது ஜெயிப்பது பெரும்பாலும் வயசுதான். கற்பனை இந்த வயசைத்தான் முதலில் அழிக்கிறது. வயசை அழிப்பது என்றால் உழைப்பையும் வலியையும் கூலியையும் அழிப்பது.

நம் ஊருக்கும் அந்த வயசான அலி வந்தார். 1980 ஜனவரியில் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு ஒரு காட்சிச் சண்டை. எம்.ஜி.ஆர். முதலமைச்சர். இரண்டு பேருடைய படமும் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எல்லிஸ், அலியின் ஊர்க்காரர், பழைய பயிற்சித் தோழர். அலியின் பட்டம் பறிக்கப்பட்டிருந்த காலத்தில் உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பட்டத்தை வைத்திருந்தவர். 1971-இல் நிஜமாகவே மோதி அலியிடம் தோற்றவர். மெட்ராஸ் பார்த்தது நடந்துமுடிந்த ஒரு சண்டையின் நகல். ஆனாலும் கூட்டம் அலைமோதியது. திரையில் சண்டை போட்டு நாட்டை ஆள வந்தவரும், நிஜத்தில் சண்டை போட்டு இப்போது நடித்துக் காட்ட வந்தவரும் ஒரே மேடையில் நின்றார்கள். தமிழ்ச் சமூகத்தின் வீர வழிபாட்டை ஆராய விரும்பும் நண்பர்கள் இந்த ஒரு படத்திலிருந்து தொடங்கலாம்.

4

இதுவரை சொன்னவை காலம் குறுக்கே நின்றதால் நடக்காமல் போனவையும், காலம் தாண்டிய பிறகு நடந்தவையும். முதல் வகையை நடக்க முடியாத சண்டை என்போம். இன்னொரு வகை இருக்கிறது. ஒரே காலம், ஒரே எடை, ஒரே ஊர்கூட. இருவரும் தயார். ஆனால் சண்டை நடக்கவில்லை. அது நடக்க விடாத சண்டை.

பீட்டர் ஜாக்ஸன். கரீபியத் தீவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் சாம்பியன் ஆனவர், கறுப்பர். அவர் அமெரிக்கா வந்தபோது ஜான் எல். சல்லிவன் உலக சாம்பியன். கறுப்பரோடு மோத மாட்டேன் என்று சல்லிவன் நிறக்கோட்டின் பின்னால் நின்றுகொண்டார். 1891-இல் ஜிம் கார்பெட்டோடு ஜாக்ஸன் போட்ட சண்டை 61 ரவுண்டு போய் முடிவில்லாமல் நிறுத்தப்பட்டது. அடுத்த வருஷம் அதே கார்பெட் சல்லிவனை வீழ்த்திச் சாம்பியன் ஆனார். ஜாக்ஸனுக்குப் பட்டச் சண்டை கிடைக்கவே இல்லை. 1898-இல் உடம்பு தளர்ந்துபோன அவரை மூன்றே ரவுண்டில் முடித்தவர் இளைஞரான ஜெஃப்ரிஸ். ஆமாம், மேலே சொன்ன அதே ஜெஃப்ரிஸ். 1901-இல் ஜாக்ஸன் காசநோயில் இறந்தார்.

ஹாரி வில்ஸ். 1920-களில் ஜாக் டெம்ப்ஸிக்கு எதிரே நிற்க வேண்டியவர். ஒப்பந்தமே கையெழுத்தானது. சண்டை நடக்கவில்லை. ஜான்சன் 1915-இல் பட்டத்தை இழந்த பிறகு இன்னொரு கறுப்பர் ஹெவிவெயிட் பட்டத்துக்காக வளையத்தில் ஏற 22 வருஷம் ஆனது. அவர்தான் 1937-இல் ஏறி ஜெயித்த ஜோ லூயிஸ்.

இதை வெறும் வெள்ளை - கறுப்புக் கதையாகச் சுருக்கிவிடவும் முடியாது. சாம் லாங்ஃபோர்ட் என்ற கறுப்பரை 1906-இல் ஜெயித்திருந்த ஜான்சன், சாம்பியன் ஆன பிறகு அவருக்கு ஒரு வாய்ப்பும் தரவில்லை. கறுப்பனும் கறுப்பனும் மோதினால் டிக்கெட் விற்காது என்ற சந்தைக் கணக்கு ஜான்சனுக்கும் தெரியும். விலக்கப்பட்டவன் மேலே வந்ததும் விலக்கும் விதியைத் தூக்கி எறிந்துவிடுவான் என்று எதிர்பார்ப்பது நம் ஆசை. விதி அவனையும் உபயோகித்துக்கொள்ளும். இயக்கங்களில் இருக்கும் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் விஷயத்தில் இந்த விலக்கல் இன்னும் அப்பட்டமானது. ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை சேர்க்கப்பட்டதே 2012-இல்தான். அந்த வருஷமே மேரி கோம் வெண்கலம் வாங்கினார். 2013-இல் வந்த ‘லைட் ஃபிளை, ஃபிளை ஹை’ என்ற நார்வே ஆவணப்படம் சென்னையின் தலித் பெண் வீராங்கனை துளசியைப் பின்தொடர்கிறது. வளையத்துக்குள்ளே எதிராளியை ஜெயிப்பதைவிட வளையத்துக்கு வெளியே இருக்கிற அதிகாரத்தைச் சமாளிப்பதுதான் அவருக்குப் பெரிய சண்டை. நம் டீக்கடைப் பட்டியலில் ஒரு பெண் பெயராவது வந்ததுண்டா?

நான் சொல்ல வருவது இதுதான்: நடக்க முடியாத சண்டையைப் பற்றி ஓயாமல் பேசுவதன் மூலம் நடக்க விடாத சண்டையைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட முடிகிறது. முன்னதில் குற்றவாளி காலம். காலத்தின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. பின்னதில் குற்றவாளிக்குப் பெயர் இருக்கிறது, ஜாதி இருக்கிறது, நிறம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது.

அதற்காகக் கற்பனைச் சண்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘ஜாக்ஸனும் சல்லிவனும் மோதியிருந்தால்?’ என்பதும் கற்பனைதான். ஆனால் இந்தக் கற்பனை மேல்முறையீடு மாதிரி வேலை செய்கிறது. ஏன் மோதவில்லை என்ற கேள்வியைக் கேட்காமல் இதில் ஒரு ரவுண்டுகூட நகர முடியாது. சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963-இல் எழுதிய கிரிக்கெட் புத்தகத்தில் இதே மாதிரிக் காரியத்தைச் செய்தார். டபிள்யூ.ஜி. கிரேஸை விட்டுவிட்டு விக்டோரியா கால இங்கிலாந்தின் சமூக வரலாற்றை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். மேற்கிந்தியத் தீவுகள் அணிக்குக் கறுப்பரான ஃபிராங்க் வொரெல் ஏன் தலைவராகக் கூடாது என்று பத்திரிகையில் இயக்கமே நடத்தினார். விளையாட்டு ரசனையும் அரசியலும் அவரிடம் வேறுவேறாக இல்லை.

5

இப்போது நம்ம பக்கம் வருவோம். குத்துச்சண்டை நமக்கு வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது. அவனுடைய பட்டாளத்தின் தடம் பரங்கிமலை, பல்லாவரம் கன்டோன்மென்ட்டாகத் தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது வேர்பிடித்தது ரயில் பாதையின் மறுமுனையில், துறைமுகத்தைச் சுற்றிய வடசென்னையில். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் தலித்துகளும் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கித்தேரி முத்து, அருணாசலம் என்ற பெயர்கள் இன்றும் அங்கே உச்சரிக்கப்படுகின்றன. ‘ரோசமான குத்துச்சண்டை’ என்று அதற்குப் பெயர்.

இந்த ‘ரோசம்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பரம்பரைச் சண்டையில் மோதுவது இரண்டு தனி ஆள் அல்ல. அப்பன் வாங்கிய குத்தை மகன் திருப்பிக் கொடுக்கிறான். வாத்தியார் தோற்ற இடத்தில் சிஷ்யன் போய் நிற்கிறான். வாத்தியாரின் கால் வைப்பு சிஷ்யனின் காலில் இருக்கிறது. அதாவது காலங்களை மோதவிடுகிற வேலையை இவர்கள் கம்ப்யூட்டர் இல்லாமலே, நிஜ உடம்பை வைத்துச் செய்திருக்கிறார்கள். அமெரிக்கக் கற்பனை வீரனை அவன் காலத்திலிருந்து பிடுங்கி எடுத்தது. பரம்பரை, காலத்தை வீரனின் தோளில் ஏற்றி அனுப்பியது. இரண்டும் எதிரெதிரான வரலாற்றுணர்வுகள். பரம்பரை என்பது வெறும் பெருமை மட்டும் அல்ல, அது ஒரு நுகத்தடியும்கூட என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாத்தாவின் தோல்விக்காகப் பேரன் ஏன் மூக்குடைய வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான்.

2021-இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’யை இந்தப் பின்னணியில் வாசிக்கலாம். அதில் டான்சிங் ரோஸைப் பார்க்கிற யாருக்கும் 1990-களில் ஷெஃபீல்டிலிருந்து வந்த, ஏமன் வம்சாவளியினரான நசீம் ஹமீது ஞாபகத்துக்கு வராமல் போக மாட்டார். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆடுகிற அதே ஆட்டம். ஆக 1990-களின் ஷெஃபீல்டையும் 1970-களின் வடசென்னையையும் ஒரே வளையத்தில் ஏற்றி மோதவிட்டிருக்கிறது படம். ரசிகர்கள் அதிகமாகப் பேசியது இந்தச் சண்டையைத்தான். ஆனால் படத்தின் மையம் அது அல்ல. கபிலன் வேம்புலியை ஏறத்தாழ ஜெயித்துவிட்ட நேரத்தில் வளையத்துக்குள் ஆட்கள் புகுந்து, அவனை நிர்வாணமாக்கி, சண்டையை நாசம் செய்கிறார்களே, அதுதான் மையம். எமர்ஜென்சிக் காலத்து ஆட்சிக் கலைப்பும் ரங்கன் வாத்தியார் கைதும் அதே சமயத்தில் நிகழ்கின்றன. ஏவிவிட்டவன் எதிர்ப் பரம்பரைக்காரன் அல்ல, சொந்தப் பரம்பரையின் ஜாதித் திமிர். தமிழ் சினிமா காட்டிய மிகத் தெளிவான நடக்க விடாத சண்டை இது. பிற்பாதியில் கபிலன் அடைகிற வெற்றி எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. சினிமா நமக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டிய வெற்றி அது.

படம் ஓடிய பிறகு தாம்பரத்துப் பக்கத்துப் பையன்கள் ‘கபிலனா, டைசனா?’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். கித்தேரி முத்துவை யாரும் கேட்கவில்லை. ஏனெனில் அவர் சண்டை போட்ட ஃபிலிம் கைக்குக் கிடைப்பதில்லை. கற்பனைச் சண்டைக்கு நுழைவுச் சீட்டு ஆவணம்தான். அலிக்கும் டைசனுக்கும் ஃபிலிம் இருக்கிறது, புள்ளிவிவரம் இருக்கிறது. 2009-இல் வந்த ‘ஃபைட் நைட் ரவுண்டு 4’ வீடியோ விளையாட்டின் அட்டையிலேயே இருவரும் இருக்கிறார்கள். பதிவு இல்லாதவனுக்குக் கற்பனையிலும் இடம் இல்லை. வாழ்ந்தபோது பெரிய வளையத்துக்குள் விடவில்லை. செத்த பிறகு கனவுக்குள்ளும் விடவில்லை.

இது தென்சென்னைப் புறநகர்க்காரனான எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், அந்த நினைவின் சொந்தக்காரர்களில் பலரை எங்கள் பக்கம் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். கண்ணகி நகர் 2000 வாக்கில், செம்மஞ்சேரி 2004 சுனாமியைத் தொடர்ந்து, பெரும்பாக்கம் 2010-களில். கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் நகரத்துக் குடிசைகளிலிருந்தும் பெயர்க்கப்பட்ட ஜனங்கள். வீட்டைத் தூக்கி வைத்துவிடலாம். தெருவைத் தூக்கி வைக்க முடியாது. வாத்தியார் ஒரு பிளாக்கில், சிஷ்யன் இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குடியிருப்பில் என்றால் பரம்பரை ஏது?

பெரும்பாக்கத்தில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ‘அலிய நான் நேரு ஸ்டேடியத்துல பாத்துக்கிறேன் தம்பி. நம்ம உக்காந்த எடத்துக்கு இத்துனூண்டு தெரிஞ்சாரு’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘எங்க தெருவுல ஒர்த்தன் இருந்தான். கால் தரையில படாது, அப்பிடி ஆடுவான். மூட்டை தூக்கப் போயிட்டான். அவன் பேரு உனுக்குத் தெரியாது. இங்க இருக்கற பசங்களுக்கும் தெரியாது’ என்றார். பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

6

நமது இலக்கிய விமர்சனத்துக்கும் இந்த வியாதி உண்டு என்பதைச் சொல்லாமல் முடித்தால் அது நேர்மையாகாது. காலங்களை மோதவிடுவது தமிழில் பழைய பழக்கம். ஔவையாரையும் கம்பரையும் ஒட்டக்கூத்தரையும் ஒரே அரசவையில் உட்காரவைத்துப் பேசவைத்த கதைகள் நம்மிடம் எத்தனை! பத்தொன்பதாம் நூற்றாண்டின் ‘வினோதரசமஞ்சரி’ அவற்றுக்கு அச்சு வடிவம் கொடுத்தது. பட்டிமன்றம் அதன் இன்றைய வாரிசு. சிறுபத்திரிகைக்காரர்களான நாம் பட்டிமன்றத்தைக் கேலி செய்வோம். ஆனால் க.நா.சு. தொடங்கி இன்றுவரை நாம் போடுகிற ‘சிறந்த பத்து’ பட்டியல்கள் என்ன? அங்கேயும் ‘ஃபுல் ஃபார்ம்’தான் அளவுகோல். எந்தப் பத்திரிகை யாருக்குப் பக்கம் கொடுத்தது, யாருக்குக் கொடுக்கவில்லை என்பது பட்டியலில் தெரியாது.

பாரதியை எடுத்துக்கொள்வோம். கம்பனோடு ஒப்பிட்டிருக்கிறோம். விட்மனோடு, தாகூரோடு ஒப்பிட்டிருக்கிறோம். காலமும் கடலும் தாண்டி எதிராளி தேடியிருக்கிறோம். பாரதி சென்னையில் ‘இந்தியா’ நடத்திக்கொண்டிருந்தபோது அதே ஊரில், ராயப்பேட்டையிலிருந்து, 1907 ஜூன் 19 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதர். சுதேசியம் பற்றி, ஜாதி பற்றி, தமிழ் இலக்கியம் பற்றி பாரதிக்கு நேரெதிரான வாதங்கள் வாரா வாரம் அச்சாயின. ஒரே காலம், ஒரே ஊர், ஒரே எடை. இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தி வாசிக்கத் தமிழ் விமர்சனத்துக்கு எவ்வளவு காலம் ஆனது? ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999-இல் வந்த பிறகுதான் பலருக்கு இப்படி ஒருவர் இருந்ததே தெரிந்தது. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது பாரதி - ஷெல்லி ஒப்பீடு பாடத்தில் இருந்தது. பாரதி - அயோத்திதாசர் இல்லை.

யார் ‘ஜெயித்திருப்பார்’ என்று நான் கேட்கவில்லை. அந்தச் சண்டை நம் பாடத்திட்டத்தில், நம் பத்திரிகைகளில் ஏன் அறிவிக்கப்படவே இல்லை என்று கேட்கிறேன்.

நம் ஜனங்களின் கற்பனை இந்த விஷயத்தில் நம்மைவிடக் கூர்மையாக இருந்திருக்கிறது. வள்ளுவர் மதுரைச் சங்கத்துக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும். புலவர்கள் இடம் தர மறுக்கிறார்கள். குறளைப் பலகையில் வைத்ததும் பலகை ஏட்டளவுக்குச் சுருங்கி, உட்கார்ந்திருந்த புலவர்களைப் பொற்றாமரைக் குளத்தில் தள்ளுகிறது. வரலாற்று ஆதாரம் கேட்டால் இந்தக் கதை ஒரு ரவுண்டு தாங்காது. ஆனால் வள்ளுவரைத் தாழ்ந்த குலத்தவராகச் சொல்கிற மரபோடு சேர்த்துப் படித்தால் அதன் கோபம் புரியும். பல காலத்துப் புலவர்களைக் கதை ஒன்றாக உட்காரவைத்தது திறமையை அளந்து பார்க்க அல்ல. ‘இடமில்லை’ என்று சொன்ன பலகையைத் தட்டிக்கேட்க. கற்பனைச் சண்டை என்று ஒன்று வேண்டுமென்றால் அது இந்த மாதிரி இருக்கட்டும்.

ஆகவே அலியையும் டைசனையும் மோதவிடுகிற நண்பர்களிடம் நான் சண்டைக்குப் போகப்போவதில்லை. அவர்களிடம் கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்வேன். உங்கள் தெருவில், உங்கள் தாத்தா காலத்தில், யாரோடு யார் மோதவிடப்படவில்லை? காரணம் என்ன? சொல்வதற்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். எமர்ஜென்சிக் காலத்தில் இருபது வயசில் வளையம் ஏறியவர்களுக்கு இப்போது எழுபது ஆகிவிட்டது. சிலர் வடசென்னையில், சிலர் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும். ஒரு நோட்டும் ஒரு செல்போனும் போதும். பெயர், வருஷம், இடம், எத்தனை ரவுண்டு, எதற்காக நின்றது என்று கேட்டு எழுத வேண்டும். அலியும் டைசனும் அதுவரை காத்திருக்கட்டும். அவர்களுக்கு அவசரமில்லை, ஃபிலிம் இருக்கிறது.